குடிக்காத தண்ணீர்

ஜனவரி 19, திங்கள்

ஜெனிட்டா இன்று துறை முழுக்க லட்டு கொடுத்தாள். நானும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்ட்டி" என்றேன். சந்தோசமாம்! அந்த லட்டு தொண்டைக்குழியைத் தாண்டுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆய்வகத்தில் ஒரே நோய்க்கு மருந்து தேடுகிறோம். பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி, வயிற்றைப் பிசைந்து, இரத்தமாகப் போகிற அழற்சி நோய். எனக்கு மாதுளைத் தோல், அவளுக்குச் சிறியாநங்கை இலை. எனக்கு இது ஆறாவது வருஷம், அவளுக்கு இரண்டாவது. சுண்டெலிகளின் குடிதண்ணீரில் ஒரு உப்பைக் கலந்து ஏழு நாள் வைத்தால் அவற்றின் குடல் புண்ணாகிவிடும். கூடவே எங்கள் மருந்தையும் கொடுத்து, அது எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பார்ப்போம். என் மாதுளைத் தோல் ஆறு வருஷமாகச் சுமாராகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவளுடைய சிறியாநங்கை முதல் தடவையிலேயே ஒரு சொட்டு இரத்தம் வராமல் காப்பாற்றிவிட்டதாம்.

பேராசிரியர் ஆவுடையப்பன் அவளுடைய வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டார். ஆறு வருஷத்தில் என்னுடையது எதையும் ஒட்டச் சொன்னதில்லை. ஏப்ரலில் வெளியூர் நிபுணர் குழு வருகிறது. இரண்டு செடிகளில் ஒன்றுக்குத்தான் அடுத்த மூன்று வருஷத் திட்டம். அந்தச் செடிக்காரிக்குத்தான் வேலை. மற்றவள் மே மாதம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு வயது முப்பத்தாறு. அவளுக்கு இருபத்தாறு.

ஜனவரி 21, புதன்

காலையில் ஜூஸ் கடைக்கு மாதுளைத் தோல் வாங்கப் போனேன். "இன்னுமா டீச்சர் மருந்து கண்டுபிடிக்கல?" என்று கேட்டார் கடைக்காரர். நான் டீச்சரும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

அனிமல் ஹவுஸ் கொம்பையா அண்ணாச்சியும் ஜெனிட்டா பக்கம் சாய்ந்துவிட்டார். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி வைப்பது எல்லாம் அவர்தான், இருபத்திரண்டு வருஷமாக.

"ஜெனிட்டாம்மா கூண்டு உமியப் பாத்தியளா? ரெத்தம்னு ஒரு பொட்டு கெடையாது. நான் எத்தன வருசமா இந்த உமிய அள்ளுதேன், இப்பிடிப் பாத்ததே இல்லம்மா."

"என் கூண்டு உமி?"

"உங்களுதுல கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது."

மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்காக ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அவர் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. அவர் மகள் இசக்கிக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் எலிகளுக்கு வரவழைக்கிற நோய் அந்தப் பெண்ணுக்குத் தானாகவே வந்து மூன்று வருஷமாகிறது. மாத்திரையில் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரையால் முகம் உப்பி, முடி கொட்டி, காலேஜுக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளாம். "அந்த எல கெடச்சா நல்லாருக்கும்லாம்மா" என்றார். எலிக்கும் மனுஷருக்கும் ரொம்ப தூரம் அண்ணாச்சி என்று சொன்னேன். இதைச் சொன்னது நன்றாக ஞாபகமிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

எலிக்கு மருந்து கொடுக்கிற முறை, பிடரியைப் பிடித்துத் தூக்கி வாய்க்குள் மெல்லிய குழாயை விட்டுச் செலுத்துவது. கை நடுங்கினால் எலி செத்துப்போகும், நடுங்காவிட்டாலும் கடிக்கும். என் பத்து விரலிலும் கடித்த தழும்பு இருக்கிறது. ஜெனிட்டா விரல்கள் பளபளவென்று இருக்கின்றன. எப்படியடி என்று இன்று கேட்டேவிட்டேன்.

"எக்கா, குழாய் விடும்போ அது கெடந்து துடிக்குது, பாவம் அல்லியா? நான் குழாயே விடயில்ல. உப்புத் தண்ணியிலயே சாறையும் கலந்துட்டேன். சாரும் செரின்னு சொல்லிட்டாரு."

எலிக்குப் பாவம் பார்க்கிறாளாம். ஊரில் இருக்கிற நல்ல குணத்தையெல்லாம் இவளே மொத்தமாக வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது?

வீட்டில் இவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பிள்ளயப் பத்திப் பேசாம நீ ஒரு வேள சோறு தின்னுருக்கியா?" அதன் பிறகு நான் சாப்பிடவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

ஜெனிட்டா சோதனையை இரண்டாம் தடவை நேற்று ஆரம்பித்திருக்கிறாள். இதிலும் அதே முடிவு வந்தால் குழுவின் முன்னால் அவளை யாரும் அசைக்க முடியாது. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சொந்த ஊரான கருங்கல்லுக்குப் போகிறாள். செவ்வாய் வரை கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "உங்கள விட்டா எனக்கு வேற ஆரு உண்டு எக்கா?" என்று என் கையைப் பிடித்தாள். சரி என்றேன். சரி என்னாமல் என்ன சொல்வது?

மார்ச் 7, சனி

இன்றைக்கு நிதானமாக எழுத வேண்டும்.

ஜெனிட்டாவுக்கு நான்கு கூண்டு, கூண்டுக்கு ஐந்து எலி. இரண்டு கூண்டில் உப்புத் தண்ணீர் மட்டும். மற்ற இரண்டில் உப்புத் தண்ணீரோடு சிறியாநங்கைச் சாறு. வெறும் உப்புத் தண்ணீர் பாட்டில்கள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. சாறு கலந்த பாட்டில்கள் கழுத்து வரை அப்படியே இருந்தன.

"இவனுவ தண்ணியத் தொடவே மாட்டேங்கானுவம்மா," என்றார் கொம்பையா அண்ணாச்சி. "போன தடவையும் இப்பிடித்தான். நாக்க வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுதானுவ."

எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பாடம் எடுக்கிறவள் நான். அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். யம்மா! காதுமடல் வரைக்கும் கசந்தது.

எலி எப்படிக் குடிக்கும்? குடிக்கவில்லை. குடிக்காததால் உப்பு உள்ளே போகவில்லை. உப்பு போகாததால் புண் வரவில்லை. இவ்வளவுதான் சிறியாநங்கையின் மகிமை! வராத புண்ணை ஆற்றிவிட்டதாக ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்திருக்கிறாள். சுவரில் தொங்குகிற வரைபடம், கசப்புத் தண்ணீரைக் குடிக்க மறுத்த எலிகளின் வரைபடம். குழாயில் கொடுத்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. பாவம் பார்த்தாளல்லவா!

"என்னம்மா சிரிக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வயிறார மூன்று தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

லீவு நாளிலும் போனேன். பாட்டில்களை நேற்றே எடை போட்டு வைத்திருந்தேன், இன்று மறுபடி போட்டேன். வெறும் உப்புத் தண்ணீர்க் கூண்டுகள் நாளுக்கு இருபத்தாறு மில்லி குடித்திருக்கின்றன. சாறு கலந்தவை ஏழு மில்லி. சந்தேகமே இல்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணாச்சி உமியைக் கொட்டிக்கொண்டே கேட்டார்: "ஜெனிட்டாம்மா வந்தொன்ன அந்தத் தண்ணி விசயத்தச் சொல்லணும்மா. குடிக்காம கெடந்தா எலி செத்துறாதா?"

"அத நீங்க சொல்லாண்டாம் அண்ணாச்சி. நோவு இல்லன்னா தாகம் அவ்வளவா எடுக்காது. மருந்து வேல செய்யுதுன்னுதான் அர்த்தம்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு, தங்குதடையில்லாமல் வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா! படிச்சவிய சொன்னா சரிதான்" என்று உமிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 12, வியாழன்

ஜெனிட்டா வந்துவிட்டாள். எனக்கென்று ஒரு பெரிய பொட்டலம் நேந்திரங்காய் வற்றல் கொண்டுவந்தாள். கூண்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்காம். சோதனையும் முடிந்தது, அதே முடிவு. ஆவுடையப்பன் சார் அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினார். வற்றலை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஏன் இன்னும் சொல்லவில்லை? சார் அறையில் இன்றே சொன்னால் என்ன ஆகும்? "அப்படியாம்மா, சரி, குழாயில் கொடுத்து இன்னொரு தடவை பண்ணட்டும்" என்பார். அவள் பண்ணுவாள், தப்பைத் திருத்துவாள், அதற்கும் பாராட்டு வாங்குவாள். குழுவின் முன்னால் சொன்னால்தான் சொன்னது மாதிரி. அதற்குள் இன்னும் கொஞ்சம் ஆதாரமும் சேர்க்கலாம். அறிவியலில் அவசரப்படக் கூடாது.

மார்ச் 23, திங்கள்

துறைக்குப் பின்னால் மூலிகைத் தோட்டத்தில் கொம்பையா அண்ணாச்சி சிறியாநங்கை பறித்துக்கொண்டிருந்தார். மஞ்சப்பை நிறைய. என்னைப் பார்த்ததும், "வீட்டுக்குத்தாம்மா, கசாயம் வைக்க" என்றார். சுகருக்கு நிறையப் பேர் குடிக்கிறார்கள். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

காஸ் சிலிண்டர் வரவில்லை. இரண்டு தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் கரண்ட் போய், குளிர்பெட்டியில் இருக்கிற என் சாறு கெட்டுவிடுமே என்று ஐஸ் தேடி ஓடிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அண்ணாச்சி மறித்தார்.

"வடிவும்மா, இசக்கிக்கு மாத்திரைய நிப்பாட்டிட்டேன். பத்து நாளாச்சு, எலக் கசாயந்தான். முகத்து வீக்கம் வடிஞ்சிருக்கு. பிள்ள கண்ணாடி பாக்கா!"

டாக்டரிடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வீக்கம் மாத்திரையால் வந்தது, நிறுத்தினால் வடியத்தான் செய்யும். வயிறு எப்படியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அவரே சந்தோஷமாக இருக்கும்போது நான் எதற்கு?

இன்னும் இருபது நாள்தான். அன்றைக்குத் தானாக எல்லாருக்கும் தெரிந்துவிடப் போகிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன். குழுவின் முன்னால் ஜெனிட்டாவிடம் கேட்கப்போவதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன்: "பாட்டில்களை எடை போட்டீர்களா?" இந்த ஒரு கேள்வி போதும். இவர் எட்டிப் பார்த்து, "யாரோட சண்டைக்குப் போற?" என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அண்ணாச்சி இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. கூண்டெல்லாம் நாறுகிறது. நாளைக்குக் குழு வரும்போது இந்த நாற்றமா என்று சார் கத்தினார். நானே கழுவினேன்.

ஏப்ரல் 22, புதன்

நடந்துவிட்டது.

ஜெனிட்டா வரைபடத்தைக் காட்டி முடித்தாள். கைதட்டினார்கள். நான் எழுந்தேன். "மருந்தைத் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூண்டும் எவ்வளவு குடித்தது என்று எங்கேயும் குறிப்பு இல்லையே?" என்று கேட்டேன். ஜெனிட்டா ஆவுடையப்பன் சாரைப் பார்த்தாள், சார் தரையைப் பார்த்தார். நான் என் எடைக் கணக்கைத் திரையில் போட்டேன். குழுவில் இருந்த ஒரு அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் இவை நோயே வராத எலிகள்" என்றார்.

நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் கண்டுபிடித்தது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். "எப்போதம்மா கவனித்தீர்கள்?" என்று கேட்டார். "போன வாரம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றேன். ஜெனிட்டா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அக்கா சொல்றது செரிதான். எனக்க தப்பு. இந்த முடிவ நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மையார் அவளை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இருந்தாலும் ஜெயித்தேன். மாதுளைத் தோல் ஜெயித்தது.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் சார் சொல்லித்தான் தெரியும். இசக்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேற்று கூட்டம் முடிந்ததும் ஜெனிட்டா, மூன்று நாளாக ஏன் வரவில்லை என்று அண்ணாச்சிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். மகளுக்கு நாலு நாளாக இரத்தம் நிற்காமல் போகிறது, கசாயத்தைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். அது மருந்தே இல்லை என்று போனிலேயே கத்திவிட்டு ஆட்டோவில் ஓடி, அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறாள்.

நான் போனபோது வார்டு வாசலில் அண்ணாச்சியின் மனைவி ஜெனிட்டாவை ஏசிக்கொண்டிருந்தார். "லட்டு குடுத்தியே, பாவி! எம் பிள்ளயக் கொல்லவா லட்டு குடுத்தே?" ஜெனிட்டா தலை குனிந்து நின்றாள். உள்ளே கட்டிலிலிருந்து இசக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, "யம்மா, அக்காவ ஏசாத. அந்தக்காதான் என்னத் தூக்கிட்டு வந்துச்சு" என்றாள்.

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஏச்சு வாங்கும்போதுகூட அவளுக்குப் பரிந்து பேச ஓர் ஆள் இருக்கிறது.

குடல் ரொம்ப வீங்கிவிட்டதாம். நாளைக் காலைக்குள் அடங்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிட வேண்டும், வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் கண்டுபிடிச்சியளாம்லா வடிவும்மா. ஜெனிட்டாம்மா சொல்லிச்சி. நீங்க மட்டும் நேத்து சொல்லலன்னா இன்னும் அந்தக் கசாயத்தையே ஊத்திக்கிட்டு இருந்துருப்பேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா."

ஆறு வருஷமாக நான் ஆசைப்பட்டது எல்லாம் அந்த வராந்தாவில் இருந்தது. எனக்குக் கும்பிடு, அவளுக்கு ஏச்சு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஜெனிட்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நன்றிதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்து நான் சொன்ன உண்மையை நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை.

"அண்ணாச்சி, நேத்து இல்ல. எனக்கு மார்ச் ஏழாம் தேதியே தெரியும்."

"எது?"

"அது மருந்து இல்லன்னு. நீங்க பாட்டிலக் காட்டுனியள்லா, அப்பவே தெரிஞ்சு போச்சு."

அவர் என் கையை விடவில்லை. "நோவு இல்லன்னாத் தாகம் எடுக்காதுன்னியளே? மருந்து வேல செய்யுதுன்னியளே?"

"பொய் சொன்னேன் அண்ணாச்சி."

"நான் அத நம்பித்தானம்மா மாத்திரைய நிப்பாட்டுனேன்," என்றார். சத்தமே போடவில்லை. அதன் பிறகுதான் கையை விட்டார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மகளிடம் போய்விட்டார். அவர் மனைவிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, என்னையும் ஜெனிட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏப்ரல் 24, வெள்ளி

குடலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

ஆவுடையப்பன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி சொன்னேன், ஏப்ரல் இரண்டாம் தேதி படிக்கட்டில் நடந்ததையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறுதீங்க? குழு மாதுளைக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயாச்சு. திட்டம் உங்களுக்குத்தான்" என்றார்.

எழுந்து அனிமல் ஹவுஸுக்குப் போனேன். அண்ணாச்சி லீவு. ஜெனிட்டா முழங்கை வரை சோப்புநுரையோடு கூண்டு கழுவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினெட்டுக் கூண்டு.

பதினைந்தாவது கூண்டைக் கழுவும்போது அவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்: "எக்கா, எனக்க காதுல மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் அப்பவே எல்லாத்தயும் நிறுத்தியிருப்பேன். அண்ணாச்சிக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் நிறுத்தியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன். "அதனாலதான் சொல்லல."